பதிவேடும் வெண்திரையும்

நவம்பர் மாதம் நம் இல்லங்களில் இறந்தோரின் மாதம். இரண்டாம் நாள் மாலைக்குள் கல்லறைகளைச் சுற்றி முளைத்த புல்லைச் செதுக்கி, சிலுவைக்கு வெள்ளையடித்து, செவ்வந்தி மாலை சாற்றி, மெழுகுதிரி ஏற்றி வைக்கிறோம். இறந்த ஆன்மாக்களுக்கான திருப்பலியில் வாசிப்பதற்கென நம் முன்னோரின் பெயர்களைத் தாளில் எழுதிப் பங்குத்தந்தையிடம் கொடுக்கிறோம். நீண்ட அப்பட்டியலில் நம் பாட்டனாரின் பெயர் எப்போது வரும் என்று செவி காத்திருக்கிறது. அது வாசிக்கப்பட்டதும் உள்ளம் நிறைவடைகிறது. அவர் மறக்கப்படவில்லை என்னும் நிறைவு அது. பெயர் என்பது வெறும் ஒலியன்று. ஒரு மனிதர் இறைவன் முன்னும் ஊரார் முன்னும் வாழ்ந்தார் என்பதற்குச் சான்று. அதனால்தான் திருமுழுக்குச் சடங்கில் திருச்சபை முதலில் கேட்பது குழந்தையின் பெயரை. பங்கின் பதிவேட்டில் முதலில் எழுதப்படுவதும் அதுவே.

அதே நவம்பர் மாதத்தில், உலகின் மறுகோடியில், அமெரிக்க நாட்டின் மேற்குக் கடற்கரையில் அமைந்த சான் பிரான்சிஸ்கோ நகரில் ஒரு திரைப்பட விழா நடைபெற்று வந்திருக்கிறது. பிறப்பில் ஆண் என்று பதியப்பட்டுப் பெண்ணாக வாழ்வோரைத் திருநங்கையர் என்றும், பெண் என்று பதியப்பட்டு ஆணாக வாழ்வோரைத் திருநம்பியர் என்றும் தமிழில் இன்று மதிப்போடு அழைக்கிறோம். இவர்களின் வாழ்வை இவர்களே படமெடுத்து, இவர்களே கூடியிருந்து பார்த்துக் கொண்டாடும் விழா அது. 1997ஆம் ஆண்டில் தொடங்கியது.

இச்செய்தியைக் கேட்டதும் நம்முள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அருள்பணி மணம் கமழும் இவ்விதழில் இதற்கென்ன இடம் என்று வினவவும் கூடும். ஆனால் அவ்விழாவின் வரலாற்றை ஏடு ஏடாகப் புரட்டிக்கொண்டு பின்னோக்கிச் செல்வோமாயின், அது நம்முடைய திருச்சபையின் பதிவேடுகள் வரை நம்மை அழைத்துச் செல்கிறது. யாருடைய பெயரை யார் எழுதுவது, யாருடைய முகத்தை யார் வரைவது என்னும் கேள்வியே அவ்வரலாற்றின் உள்ளீடு.

வியாகுல அன்னையின் ஓடைக்கரையில்

சான் பிரான்சிஸ்கோ என்னும் பெயரே அசிசி நகர்ப் புனித பிரான்சிஸின் பெயர்தான். 1776ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள், புனித பேதுரு, பவுல் திருநாளன்று, பிரான்சிஸ்கன் சபைத் துறவியான பிரான்சிஸ்கோ பலோவ் அங்கு ஒரு தழைப்பந்தலின் கீழ் முதல் திருப்பலியை நிறைவேற்றினார். ஐந்து நாள் கழித்து, அக்கண்டத்தின் மறுகரையில் அமெரிக்கா தன் விடுதலையை அறிவித்தது. பலோவ் நிறுவிய மறைத்தளம் புனித பிரான்சிஸின் பெயரைத் தாங்கிற்று. எனினும் அருகில் ஓடிய ஓடைக்கு வியாகுல அன்னையின் பெயர் இடப்பட்டிருந்தமையால், துயரங்கள் எனப் பொருள்படும் 'டோலோரஸ்' என்னும் பெயரே மக்கள் நாவில் நிலைத்தது. 1791ஆம் ஆண்டில் மண்கல்லால் கட்டி முடிக்கப்பட்ட கோயில், 1906ஆம் ஆண்டின் பெரும் நிலநடுக்கத்தையும் தாங்கி இன்றளவும் நிற்கிறது. நகரில் எஞ்சியுள்ள கட்டடங்களுள் அதுவே மிகப் பழையது.

அக்கோயில் நிற்பது டோலோரஸ் தெருவும் பதினாறாம் தெருவும் சந்திக்கும் இடத்தில். அதே பதினாறாம் தெருவில் கிழக்கு நோக்கிச் சில நிமிடம் நடந்தால் ராக்ஸி என்னும் பழைய திரையரங்கு வருகிறது. நாம் மேலே குறித்த திரைப்பட விழா பல ஆண்டுகள் நடைபெற்றது அந்த அரங்கில்தான். கோயிலுக்கும் அரங்கிற்கும் இடையே உள்ள தொலைவு குறுகியது. அதைக் கடக்க வரலாற்றுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

கோயிலை ஒட்டி ஒரு சிறு கல்லறைத் தோட்டம் உண்டு. மறைத்தளத்தில் திருமுழுக்குப் பெற்று, அங்கேயே உழைத்து, ஐரோப்பியர் கொண்டுவந்த நோய்களுக்கு இரையாகி மாண்ட ஓலோனி முதலிய பூர்வகுடி மக்கள் ஐயாயிரம் பேருக்கு மேல் அவ்வளாகத்து மண்ணில் அடக்கம் செய்யப்பட்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோருக்குத் தலைமாட்டில் ஒரு கல்கூட இல்லை. ஆனால் அதே தோட்டத்தில், ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் இயக்கி 1958ஆம் ஆண்டில் வெளிவந்த 'வெர்டிகோ' படத்துக்காக, வாழ்ந்தேயிராத ஒரு கற்பனைப் பெண்ணின் பெயர் பொறித்த கல்லறைக்கல் நாட்டப்பட்டது. படப்பிடிப்பு முடிந்த பின்னும் அது சில காலம் அங்கே நின்றது. உண்மையில் வாழ்ந்து மாண்டோர்க்குப் பெயர்க்கல் இல்லை. திரைக்கதையில் மட்டும் வாழ்ந்தவளுக்கு உண்டு. திரைப்படத்தின் வலிமையையும் அதன் பொறுப்பையும் ஒருங்கே உணர்த்தும் நிகழ்ச்சி இது.

சதுக்கத்தில் மூன்று நாள்

கலிபோர்னியாவுக்கு வந்த துறவியர், பூர்வகுடியினரிடையே பெண்ணுடை அணிந்து பெண்களோடு பெண்களாக வாழ்ந்த ஆண்களைக் கண்டனர். 1775, 1776ஆம் ஆண்டுகளில் குடியேற்றப் படையோடு பயணம் செய்த துறவி பெத்ரோ ஃபோன்ட் தம் நாட்குறிப்பில் இத்தகையோரைப் பற்றி எழுதினார். மறை பரவும்போது இவர்களிடையே செய்ய வேண்டிய வேலை மிகுதியாக இருக்கும் என்பது அவர் கருத்து.

பலோவ் இன்னும் விரிவாக எழுதினார். தம் ஆசானாகிய ஹூனிப்பெரோ செர்ராவின் வரலாற்றை அவர் 1787ஆம் ஆண்டில் மெக்சிகோவில் நூலாக வெளியிட்டார். சாந்தா கிளாரா மறைத்தளத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியை அதில் காண்கிறோம். பெண்களோடு அமர்ந்து வேலை செய்துகொண்டிருந்த ஒருவர், உடையாலும் நடையாலும் பெண்ணாகவே தோன்றினார். ஐயுற்று விசாரித்தபோது, அவர் ஆண் என்று புது மறையினர் கூறினர். காவற்படையினர் அவரைப் பிடித்துச் சென்றனர். உடுத்தியிருந்த பெண்ணுடையைக் களைந்தனர். காவல் வீட்டுச் சதுக்கத்தை மூன்று நாள் பெருக்கச் செய்தனர். அவர் துயரமும் நாணமும் மேலிட்டுக் குன்றிப்போனதைப் பலோவே குறிப்பிடுகிறார். விடுவிக்கப்பட்டதும் அவர் மறைத்தளத்தை விட்டு அகன்றார். வேறோர் ஊரில் மீண்டும் பெண்ணுடையில் வாழ்ந்ததாகப் பின்னர் தெரியவந்தது.

அம்மக்களின் மொழியில் இத்தகையோருக்கு 'ஹோயா' என்று பெயர் என்பதையும் பலோவ் எழுதி வைத்தார். ஸ்பானியரின் செவிக்கு அச்சொல் அணிகலன் என்று ஒலிக்கும். மறைத்தளங்கள் பெருகப் பெருக இவர்கள் மறைந்துபோவார்கள் என்பது அவருடைய எதிர்பார்ப்பு.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். பலோவும் அவர் தோழரும் கொடியவர் அல்லர். பூர்வகுடியினரைப் படைவீரர்களின் வன்கொடுமையிலிருந்து காக்க வேண்டி, செர்ரா 1773ஆம் ஆண்டில் மெக்சிகோ நகர் வரை சென்று அரசப் பிரதிநிதியிடம் முறையிட்டார். 2015ஆம் ஆண்டில் அவரைப் புனிதராக அறிவித்ததும் பிரான்சிஸ் என்னும் பெயரையே தாங்கிய திருத்தந்தைதான். அதே ஆண்டில், பொலிவிய நாட்டில், பூர்வகுடியினருக்குத் திருச்சபை இழைத்த குற்றங்களுக்காகத் தாழ்மையோடு மன்னிப்பு வேண்டியதும் அவரே. புனிதமும் பிழையும் ஒரே வரலாற்றில் அருகருகே கிடக்கக்கூடும் என்பதை அவர் மறைக்கவில்லை. நாமும் மறைக்க வேண்டியதில்லை.

ஆயினும் ஒரு வேறுபாடு நம் நெஞ்சை அறுக்கிறது. அசிசி நகர்ச் சதுக்கத்தில் இளைஞர் பிரான்சிஸ் தம் ஆடைகளைத் தாமே களைந்து தந்தையிடம் திருப்பிக் கொடுத்தபோது, ஆயர் கைதோ விரைந்து வந்து தம் மேலாடையால் அவரைப் போர்த்தினார். பிரான்சிஸ்கன் சபையினர் அனைவரும் அறிந்த காட்சி இது. அப்பிரான்சிஸின் மைந்தர்கள் நிறுவிய, அவருடைய ஞான மகளாகிய புனித கிளாராவின் பெயர் தாங்கிய மறைத்தளத்துச் சதுக்கத்தில், ஆடை களையப்பட்டு நின்ற ஒருவரைப் போர்த்துவதற்கு ஒரு மேலாடை கிடைக்கவில்லை.

சட்டமும் சிற்றுண்டிச்சாலையும்

மறைத்தளக் காலம் முடிந்து, தங்க வேட்டையால் அந்நகர் பெருநகராயிற்று. 1863ஆம் ஆண்டில் நகராட்சி ஒரு சட்டம் இயற்றியது. தம் பாலுக்குரியதல்லாத உடையை அணிந்து பொதுவிடத்தில் தோன்றுவது குற்றம் என்றது அது. 1974ஆம் ஆண்டு வரை, நூறாண்டுக்கும் மேலாக, அச்சட்டம் ஏட்டில் இருந்தது. சதுக்கத்தில் மூன்று நாள் நடந்தது, நீதிமன்றக் கூண்டில் ஒரு நூற்றாண்டு நடந்தது என்று கூறலாம். திருநங்கையரின் பெயர்கள் அக்காலத்தில் எழுதப்பட்ட இடம் பெரும்பாலும் காவல்துறையின் குற்றப் பதிவேடே.

1966ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், டெண்டர்லாயின் என்னும் ஏழ்மை மிக்க பகுதியில், இரவு முழுவதும் திறந்திருந்த காம்ப்டன் சிற்றுண்டிச்சாலைக்குள் காவலர் நுழைந்தனர். திருநங்கையர் ஒருவரைப் பிடிக்க முயன்றபோது, அவர் கையிலிருந்த காப்பியைக் காவலரின் முகத்தில் வீசினார். அன்றிரவு மேசைகள் கவிழ்ந்தன. சன்னல் கண்ணாடிகள் நொறுங்கின. கலகம் தெருவிற்குப் பரவியது. வன்செயலை நாம் போற்றவில்லை. ஆனால் வேலையும் வீடும் மறுக்கப்பட்டு, தெருவில் பிழைக்கத் தள்ளப்பட்டு, அதற்காகவே நாள்தோறும் கைதானவர்களின் பொறுமை ஓரிரவில் உடைந்தது என்பதைப் புரிந்துகொள்ள இயலும். அப்பகுதியில் கைவிடப்பட்ட இளையோர்க்கு அந்நாளில் ஆதரவு தந்தது கிளைடு நினைவு மெதடிஸ்டு ஆலயம் என்பதையும் இங்கே நினைவுகூர்கிறோம்.

நகரின் நாளேடுகள் அந்நிகழ்ச்சியை எழுதவில்லை. அது நடந்தது எந்த நாள் என்பதுகூட வரலாற்றில் தங்கவில்லை. பல்லாண்டு கழித்து, தாமே ஒரு திருநங்கையான வரலாற்றாசிரியர் சூசன் ஸ்டிரைக்கர், 1972ஆம் ஆண்டின் பேரணி மலரொன்றில் அதைப் பற்றிய சிறு குறிப்பைக் கண்டார். அந்த இழையைப் பற்றிக்கொண்டு, உயிரோடிருந்த முதியோரைத் தேடிக் கண்டு பேச வைத்தார். விக்டர் சில்வர்மன் என்பவரோடு இணைந்து அவர் எடுத்த ஆவணப்படம் 2005ஆம் ஆண்டில் வெளிவந்தது. நாளேடு எழுதாத வரலாற்றைத் திரைப்படம் எழுதியது. 2017ஆம் ஆண்டில் அப்பகுதியின் ஒரு பிரிவை நகராட்சியே திருநங்கையர் பண்பாட்டு வட்டாரமாக அறிவித்தது.

பிறர் வரைந்த முகம்

திரைப்படம் எப்போதும் இத்தகைய நன்மையே செய்தது என்று நாம் கூறிவிட முடியாது. வெகுகாலம் அது இம்மக்களின் முகத்தைத் தன் விருப்பம்போல் வரைந்து வந்தது. ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' 1960ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதில் தாயின் உடையணிந்து கொலை செய்யும் ஒருவனைக் கண்டு உலகம் நடுங்கியது. 1991ஆம் ஆண்டில் வெளியாகி ஐந்து ஆஸ்கர் விருதுகளைப் பெற்ற 'தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்' படத்திலும் பெண்ணாக மாற விழைபவன் கொலைகாரனாகவே வருகிறான். அவன் உண்மையில் அத்தகையவன் அல்லன் என்று படத்திலேயே ஒரு வரி சொல்லப்பட்டாலும், பார்த்தவர் மனத்தில் தங்கியது வரியன்று, உருவமே. கொலைகாரர் இல்லையெனில் கோமாளி. கோமாளி இல்லையெனில் பிணம். இம்மூன்று வேடங்களே அவர்களுக்கு ஒதுக்கப்பட்டன. நம் தமிழ்த் திரையிலும் பல காலம் கேலிச் சிரிப்பு எழுப்பவே அவர்கள் அழைக்கப்பட்டனர் என்பதை நாம் அறிவோம்.

திரையில் மட்டுமா அவர்கள் பிணமாயினர்? 1993ஆம் ஆண்டின் கடைசி நாளில், நெப்ராஸ்கா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பிராண்டன் டீனா என்னும் 21 வயதுத் திருநம்பி சுட்டுக் கொல்லப்பட்டார். தமக்கு இழைக்கப்பட்ட வன்கொடுமையைக் காவல்துறையிடம் முறையிட்ட சில நாள்களில் அக்கொலை நடந்தது. அவரைப் பற்றி 1998ஆம் ஆண்டில் ஓர் ஆவணப்படமும், 1999ஆம் ஆண்டில் 'பாய்ஸ் டோன்ட் க்ரை' என்னும் கதைப்படமும் வெளிவந்தன. கதைப்படத்தில் நடித்தவருக்கு ஆஸ்கர் விருதும் கிடைத்தது. அவை இரக்கத்தோடு எடுக்கப்பட்டவையே. ஆயினும், கொல்லப்பட்ட பிறகுதான் எங்களைப் பற்றிப் படமெடுப்பார்களா என்னும் கேள்வி அச்சமூகத்தில் எழுந்திருந்தால் அதில் வியப்பில்லை.

தங்கள் கையில் படக்கருவி

அக்கேள்விக்கு விடையாகவே விழாக்கள் பிறந்தன எனலாம். கையடக்க வீடியோ கருவிகள் தொண்ணூறுகளில் எளியோர்க்கும் எட்டும் விலைக்கு வந்தன. பெரும் படநிறுவனத்தின் தயவில்லாமல் ஒருவர் தம் அறையில் அமர்ந்து தம் கதையைத் தாமே பதிவு செய்ய முடிந்தது. 1997ஆம் ஆண்டில் மட்டும், திருநர் வாழ்வைக் காட்டும் மூன்று விழாக்கள் ஒன்றையொன்று அடுத்துத் தோன்றின. இலண்டனில் சகரி நட்டாஃபும், கனடாவின் டொரான்டோ நகரில் மிரா சொலேல் ராஸும், சான் பிரான்சிஸ்கோவில் கிறிஸ்டோபர் லீ, ஆல் ஆஸ்டின் ஆகியோரும் அவற்றுக்கு அடிகோலினர். 2001ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரிலும் ஒரு விழா எழுந்தது.

சான் பிரான்சிஸ்கோ விழா முதலில் 'டிரானி ஃபெஸ்ட்' என்று அழைக்கப்பட்டது. முதற்சொல் தெருவில் அவர்களை நோக்கி எறியப்பட்ட ஏளனச் சொல். எறிந்த கல்லையே எடுத்து அடித்தளமாக்கியது போல, அச்சொல்லையே அவர்கள் விழாவிற்குப் பெயராக்கினர். பிற்காலத்தில் அது கைவிடப்பட்டு, சான் பிரான்சிஸ்கோ திருநர் திரைப்பட விழா என்னும் பொருளுடைய பெயர் நிலைபெற்றது. 2003ஆம் ஆண்டு முதல் இசைக்கலைஞர் ஷானா விராகோ அதன் கலை இயக்குநராகப் பொறுப்பேற்று வளர்த்தார். பெருந்தொற்று பரவிய 2020ஆம் ஆண்டில் அரங்கம் மூடிக்கிடந்தபோதும் இணையவழியே விழா நடந்தது.

அங்கே திரையிடப்படுபவை பெரும்பாலும் சிறு பொருளில் எடுத்த குறும்படங்கள். சில நிமிடமே ஓடுபவையும் உண்டு. கைதேர்ந்த ஒளிப்பதிவை அவற்றில் எதிர்பார்க்க இயலாது. ஆனால் அரங்கில் அமர்ந்திருப்போர், தம்மைப் போன்ற ஒருவர் கொலையாளியாகவோ கோமாளியாகவோ பிணமாகவோ இன்றி, உயிரோடிருக்கும் மனிதராகத் திரையில் வருவதைக் காண்கின்றனர். இதில் கொண்டாட என்ன இருக்கிறது என்று நாம் கேட்போமாயின், உயிரோடிருப்பதே சிலருக்குக் கொண்டாட்டம் என்பதே விடை. மகனை மீண்டும் உயிரோடு கண்ட தந்தை கொழுத்த கன்றை அடித்து விருந்து வைத்ததை நற்செய்தியில் வாசிக்கும் நமக்கு இது புரியாத ஒன்றன்று.

விழாவின் மாதமும் பொருள் பொதிந்தது. 1998ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ரீட்டா ஹெஸ்டர் என்னும் கறுப்பினத் திருநங்கை கொல்லப்பட்டார். செய்தி வெளியிட்ட ஏடுகள் சில, அவர் வாழ்ந்த பெயரை மதிக்காமல் எழுதின. அடுத்த ஆண்டு, குவெண்டலின் ஆன் ஸ்மித் என்பவரின் முயற்சியால் சான் பிரான்சிஸ்கோவிலும் பாஸ்டனிலும் மெழுகுதிரி ஏந்தி நினைவுக் கூட்டம் நடந்தது. அன்று முதல் நவம்பர் 20ஆம் நாள் பல நாடுகளில் திருநர் நினைவு நாளாயிற்று. அந்நாளில் அவர்கள் செய்வது, கொல்லப்பட்டோரின் பெயர்களை ஒவ்வொன்றாக உரக்க வாசிப்பது. நாம் அறிந்த வழிபாடு அது; நம் திருப்பலியில் நாம் செய்வதும் அதுவே.

இறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து

விழாவின் நிறுவனர்களுள் ஒருவரான கிறிஸ்டோபர் லீ ஒரு திருநம்பி. தம் போன்றோரின் வாழ்வைப் பதிவு செய்த ஆவணப்பட இயக்குநர். 2012ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் காலமானார். அவர் ஆணாகவே வாழ்ந்தவர். அரசு வழங்கிய ஓட்டுநர் உரிமத்திலும் ஆண் என்றே இருந்தது. ஆயினும் இறப்புச் சான்றிதழை எழுதிய அலுவலர், உடலை நோக்கிப் பெண் என்று பதிந்தார். நண்பர்கள் எடுத்துக்காட்டியும் அது மாறவில்லை. வாழ்நாள் முழுவதும் தம் மக்களின் முகத்தைப் பிறர் வரையலாகாது என்று உழைத்தவரின் கடைசி ஏட்டைப் பிறரே வரைந்தனர்.

துயருற்ற நண்பர்கள் அத்தோடு நிற்கவில்லை. அவர்களின் முறையீட்டின் பயனாகக் கலிபோர்னிய சட்டமன்றத்தில் டோனி அட்கின்ஸ் ஒரு சட்ட வரைவைக் கொணர்ந்தார். இறந்தவர் எவ்வாறு வாழ்ந்தாரோ அவ்வாறே, உரிய ஆவணங்களின் துணைகொண்டு, சான்றிதழில் பதிய வேண்டும் என்றது அது. ஆளுநர் ஜெர்ரி பிரவுன் 2014ஆம் ஆண்டு செப்டம்பரில் அதற்குக் கையொப்பமிட்டார். 2015ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. இறந்தோர்க்கு மதிப்பளிக்கும் சட்டம் என்பதே அதன் பெயர். இறந்தோரை நல்லடக்கம் செய்வது நம் திருச்சபை கற்பிக்கும் இரக்கச் செயல்களுள் ஒன்று. உடலை மண்ணில் வைப்பதோடு அது முடிந்துவிடுகிறதா, இறந்தவரின் வாழ்வை மதித்து நினைவுகூர்தலும் அதில் அடங்குமா என்று நாம் எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.

கோயிலுக்குள் ஒரு பெயர்

மனிதரின் பாலினம் பற்றித் திருச்சபைக்குத் தெளிவான போதனை உண்டு. ஆணும் பெண்ணுமாக மனிதரைப் படைத்தவர் இறைவன் என்பதும், உடல் அவர் அளித்த கொடை என்பதும் அதன் அடிப்படை. 2024ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளியான 'எல்லையற்ற மாண்பு' என்னும் வத்திக்கான் ஆவணம் பாலின மாற்று மருத்துவத்தைக் குறித்துத் தன் எச்சரிக்கையை மீண்டும் வலியுறுத்தியது. அப்போதனையை நாம் இங்கு மறுத்துரைக்க முற்படவில்லை. ஆனால் அதே ஆவணம், எந்த மனிதரையும் அநியாயமாக ஒதுக்குவதும் வன்முறைக்கு உள்ளாக்குவதும் மனித மாண்புக்கு எதிரானவை என்று அதே உறுதியோடு கூறுகிறது. ஒரு பாதியை மட்டும் வாசித்துவிட்டு ஏட்டை மூடிவைக்க நமக்கு உரிமையில்லை.

2023ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள், பிரேசில் நாட்டு ஆயர் ஒருவரின் கேள்விகளுக்கு விடையாக, நம்பிக்கைக் கோட்பாட்டுப் பேராயம் அளித்த விளக்கத்தைத் திருத்தந்தை பிரான்சிஸ் ஏற்பளித்தார். விசுவாசிகளிடையே இடறலோ குழப்பமோ விளையாத நிலையில், திருநரும் ஏனைய நம்பிக்கையாளரைப் போன்றே திருமுழுக்குப் பெறலாம் என்றது அது. இதை எண்ணும்போது எசாயா இறைவாக்கினரின் ஐம்பத்தாறாம் அதிகாரம் நம் நினைவுக்கு வருகிறது. ஆண்டவரின் சபையிலிருந்து விலக்கப்பட்டிருந்த அண்ணகர்க்குத் தம் இல்லத்திலேயே ஒரு நினைவிடமும், புதல்வர் புதல்வியரினும் மேலான, அழியாத ஒரு பெயரும் தருவதாக இறைவன் அங்கே வாக்களிக்கிறார். அக்கால அண்ணகரும் இக்காலத் திருநரும் ஒருவரே என்று நாம் கூறவில்லை. ஆனால் விலக்கப்பட்டவர்க்கு இறைவன் முதலில் தர விழைவது பெயர் என்பது கருதத்தக்கது. திருத்தூதர் பணிகள் நூலில் அத்தகைய ஒருவர் பிலிப்பிடம், தாம் திருமுழுக்குப் பெறத் தடை என்ன என்று வினவினார். பிலிப்பு நீண்ட விசாரணை நடத்தவில்லை. அவரோடு தண்ணீருக்குள் இறங்கினார்.

உரோமை நகருக்கு அருகே தொர்வாயானிக்கா என்னும் கடற்கரையூர் உண்டு. 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது, தென் அமெரிக்காவிலிருந்து வந்து தெருவில் பிழைத்த திருநங்கையர் அங்கே உணவின்றி வாடிப் பங்கு ஆலயத்தின் கதவைத் தட்டினர். பங்குத்தந்தை அந்திரேயா கொனோக்கியா அவர்களுக்கு உணவளித்தார். திருத்தந்தையின் அறப்பணிப் பொறுப்பாளர் கர்தினால் கிராயெவ்ஸ்கி உதவி அனுப்பினார். பின்னர் அவர்கள் திருத்தந்தையைச் சந்தித்தனர். 2023ஆம் ஆண்டு நவம்பரில், வறியோர் உலக நாளன்று, அவரோடு விருந்துண்ட வறியோரிடையேயும் அவர்களைச் சேர்ந்தோர் அமர்ந்திருந்தனர். 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் திருத்தந்தையின் உடல் புனித மரியா பெருங்கோவிலை அடைந்தபோது, அதை வரவேற்க வெள்ளை ரோசாப்பூ ஏந்தி நின்றவர்கள் அரசர்கள் அல்லர். வீடற்றோரும் கைதிகளும் குடிபெயர்ந்தோரும் நின்ற அச்சிறு கூட்டத்தில் திருநரும் இருந்தனர்.

மறைத்தளங்கள் பெருகினால் இவர்கள் மறைந்துவிடுவர் என்று பலோவ் எண்ணினார். அவர்கள் மறையவில்லை. அவர் நிறுவிய கோயிலுக்குச் சில நிமிட நடைத் தொலைவில், ஓர் இருண்ட அரங்கில், தம் முகத்தைத் தாமே ஒளியாக்கிக் காட்டினர். தம் பெயரைத் தாமே எழுதினர். அவர்களின் எல்லாக் கருத்தையும் நாம் ஏற்கிறோமா இல்லையா என்பது வேறு. அவர்கள் மனிதர் என்பதை ஏற்க நமக்கு ஒரு திரைப்பட விழா தேவைப்பட்டிருக்கக் கூடாது. நம் பங்குகளிலும் இத்தகைய மகனோ மகளோ பிறந்த இல்லங்கள் இருக்கலாம். அப்பிள்ளையின் பெயரைச் சொல்லவே அஞ்சும் பெற்றோர் நம் அருகில் அமர்ந்து செபமாலை சொல்லக்கூடும்.

சாந்தா கிளாராச் சதுக்கத்தில் மூன்று நாள் பெருக்கிய அந்த மனிதரின் கதையைப் பலோவ் கவனத்தோடு எழுதினார். உடையை எழுதினார், வேலையை எழுதினார், நாணத்தையும் எழுதினார். பெயரை மட்டும் எழுதவில்லை. அவர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள அங்கு ஒருவருக்கும் தோன்றவில்லை போலும். இறைவனின் வாழ்வு நூலில் அப்பெயர் உண்டு என நம்புகிறோம். நம் காலத்துச் சதுக்கத்தில் நிற்பவரிடம் அதைக் கேட்க வேண்டியவர் நாம்.